எந்த வாசல் என்று கேளுங்கள்

லண்டன், லீட்ஸ், மான்செஸ்டர் என்று பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊர்களுக்குப் போய் இரண்டு மூன்று மாதம் தங்கிவிட்டு வரும் நம்மவர்களிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்தோம், பேரங்காடியைப் பார்த்தோம் என்பார்கள். வெளியே கூப்பிட்டாலும் பலர் கிளம்புவதில்லை. முட்டி வலி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கூச்சம். நமக்காகப் பிள்ளைகள் நின்று நின்று வரவேண்டுமே என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்.

என் அக்காவும் அப்படித்தான். வயது 74. வலது முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. லீட்ஸில் மகள் வீட்டில் நாங்கள் இருவரும் தங்கியிருந்தபோது, எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்" என்பார். அவரையும் வெளியே வரவைத்த ஓர் இடத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அதன் பெயர் ஃபவுண்டன்ஸ் அபே. வட யார்க்‌ஷியரில், ரிப்பன் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில், ஸ்கெல் ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் இருக்கிறது. லீட்ஸிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இடிந்துபோன கிறிஸ்தவத் துறவியர் மடமும், ஸ்டட்லி ராயல் என்ற நீர்த்தோட்டமும் அடுத்தடுத்து ஒரே வளாகத்தில் இருக்கின்றன. 1986இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நேஷனல் டிரஸ்ட் என்ற அறநிறுவனம் பராமரிக்கிறது.

நம் வயதுக்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வாசல் விவரம். வருகையாளர் மையம் மேட்டின்மேல் இருக்கிறது. அங்கிருந்து மடத்துக்கு இறங்கிப் போகவேண்டும். இறங்குவது சுலபம், திரும்பி ஏறும்போதுதான் முட்டி கணக்குக் கேட்கும். ஸ்டட்லி ஏரிப் பக்கம் இன்னொரு வாசல் உண்டு. அது பள்ளத்தாக்கின் அடியிலேயே இருப்பதால், தண்ணீரை ஒட்டிய பாதையில் பெரிய ஏற்றம் இல்லாமல் மடம் வரை நடக்கலாம். தூரம் ஒரு மைலை ஒட்டி வரும். அவ்வளவு நடக்க முடியாதவர்களுக்கு மடத்துக்கு அருகிலேயே மேற்கு வாசல் இருக்கிறது. சக்கர நாற்காலி, பேட்டரி வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நாங்கள் ஏரி வாசலில் நுழைந்தோம். வெளியே மான் பூங்கா. மூன்று வகை மான்கள் மேய்கின்றன. உள்ளே போனால் வெட்டி அடுக்கியதுபோல் நேரான கால்வாய், பிறைவடிவக் குளங்கள், நடுவில் வட்டக் குளம், எதிரே தூண்கள் வைத்த சிறு மண்டபம். ஆற்றை மடக்கி இந்தத் தோட்டத்தை அமைத்தவர் ஜான் ஐஸ்லபி. பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்தவர். 1720இல் சவுத் சீ நிறுவனத்தின் பங்குகள் சரிந்து ஊரே பணத்தை இழந்தபோது, அந்த விவகாரத்தில் சிக்கினார். மறு ஆண்டு நாடாளுமன்றத்திலிருந்து விலக்கப்பட்டு லண்டன் கோபுரத்தில் சிறை வைக்கப்பட்டார். பிறகு ஊருக்குத் திரும்பி, 1742இல் இறக்கும்வரை இந்தத் தோட்டமே கதி என்று இருந்தார். பதவி போனபின் இருபது ஆண்டு செய்த வேலைதான் இன்று அவர் பெயரைச் சொல்கிறது.

மேட்டிலும் ஒரு பாதை உண்டு. இருட்டான சுரங்கவழியில் ஏறிப் போனால், அங்கிருந்து மடம் திடீரென்று கண்ணில் படும். அக்கா மகளும் பிள்ளைகளும் அதில் போனார்கள். நாங்கள் இருவரும் கீழ்ப்பாதையில், பெஞ்சு கண்ட இடத்தில் உட்கார்ந்து, பிளாஸ்கில் இருந்த தேநீரைக் குடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

1132இல் யார்க் நகர மடத்தில், வாழ்க்கை சொகுசாகிவிட்டது என்று மனத்தாங்கல் கொண்டு வெளியேறிய 13 துறவிகள் தொடங்கியது இந்த மடம். பிறகு சிஸ்டர்சியன் சபையில் சேர்ந்தார்கள். ஆட்டு ரோம வணிகத்தில் பெரும் செல்வம் சேர்ந்தது. கீழ்த்தளத்துக் கிடங்கு மட்டுமே சுமார் 300 அடி நீளம். வளைவு வளைவாகக் கல்கூரை இன்றும் அப்படியே நிற்கிறது. 1539இல் எட்டாம் ஹென்றி மன்னர் மடத்தை மூடவைத்தார். கூரையின் ஈயத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மழையும் பனியும் உள்ளே புகுந்தன. இப்போது தேவாலயத்தின் மேலே வானம், கீழே புல்.

அக்கா அதிக நேரம் நின்றது இந்தப் பெரிய கட்டடங்களில் அல்ல. ஆற்றின் மேலேயே கல் வளைவுகள் கட்டி, அவற்றின்மீது ஒரு பெரிய கூடம் எழுப்பியிருந்தார்கள். நோயாளித் துறவிகளுக்கும் தள்ளாத வயதுத் துறவிகளுக்குமான மருத்துவக் கூடம் அது. இப்போது பெரும்பாலும் தூண்களின் அடிப்பகுதிகள்தான் மிச்சம். மற்றத் துறவிகளுக்கு விலக்கப்பட்ட இறைச்சி, உடம்பு தேறுவதற்காக இங்கே இருந்தவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. தனிச் சமையலறையும் தனி வழிபாட்டு அறையும் இருந்தன.

அக்கா அரசாங்க மருத்துவமனையில் 33 ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவர். கைத்தடியை ஊன்றிக்கொண்டு தூண் அடிகளை எண்ணினார். "கட்டிலை இந்தப் பக்கச் சுவரோரமா போட்டிருப்பாங்க. நடுவுல நடக்க வழி. அழுக்குத் தண்ணியெல்லாம் நேரா கீழ ஆத்துல விழும். வார்டு போடத் தெரிஞ்சவன்தான்டி கட்டியிருக்கான்" என்றார். மேலிருந்து இறங்கி வந்த பேரப்பிள்ளைகள் "எங்கே பாட்டி கட்டில்?" என்று சூழ்ந்துகொண்டார்கள். அரை மணி நேரம் பாட்டி சொல்ல, பிள்ளைகள் கேட்டார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை காலையில், யாரும் கூப்பிடுவதற்கு முன்பே அக்கா காலணி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வழுக்காத காலணி அவசியம். மழை பெய்த புல்லில் கைத்தடியும் சறுக்கும். கோடையிலும் ஒரு குளிர்ச்சட்டை கையில் இருக்கட்டும். போகவர நடை இரண்டு மைல் என்றால், உட்கார்வதற்கும் சேர்த்து அரைநாள் ஒதுக்குங்கள். போய்வந்த தூரம் முழுவதும் நடந்தே ஆகவேண்டும் என்றில்லை. முட்டி சொல்லும் இடத்தில் திரும்பிவிடலாம்.

இதற்காக இங்கிலாந்துதான் போகவேண்டும் என்பதும் இல்லை. நம் தைப்பிங் ஏரித் தோட்டமும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலிருந்து உருவானதுதான். மழைமரங்கள் தண்ணீரைத் தொடுமளவுக்குச் சாய்ந்திருக்க, சமதளத்தில் நடக்கலாம். எங்கே போனாலும் கிளம்புமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏற்றமில்லாத வாசல் எது? உட்கார இடம் எங்கெங்கே? கழிவறை எவ்வளவு தூரம்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், "நான் வீட்டைப் பாத்துக்கிறேன்" என்று சொல்லத் தேவையிருக்காது.