சாவியைக் கொடுத்தால் போதுமா?

வேகம்! இன்றைய இளைஞர் உலகின் தாரக மந்திரம் இதுதான். அதற்கு வாகனமாக வாய்த்திருப்பது மோட்டார் சைக்கிள். அதிலும் முன்பக்கம் கூர்மையாக, உடம்பெல்லாம் பிளாஸ்டிக் கவசம் பூண்டு, குனிந்து ஓட்டும்படி அமைந்த பந்தய ரக வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். 2008-இல் யமஹா ஆர்15 நம் நாட்டில் விற்பனைக்கு வந்த பிறகு, அந்த ரக வண்டியின் மீதுள்ள மோகம் சிற்றூர்வரை பரவிவிட்டது. புதியது வாங்க வசதி இல்லாதவர் பழையது வாங்குகிறார். ஆண்டு இறுதியில் நம் கல்லூரி வாகன நிறுத்தத்திலேயே எத்தனை வண்டிகள் கைமாறுகின்றன! மூன்றாமாண்டு மாணவர் விற்கிறார். முதலாமாண்டு மாணவர் வாங்குகிறார். மரத்தடியில் பேரம் முடிகிறது. பணமும் சாவியும் கைமாறுகின்றன. அத்துடன் விற்பனை முடிந்ததாக இருவரும் எண்ணுகிறார்கள். முடியவில்லை என்பதே என் கருத்து.

சட்டத்தின் கண்ணில் வண்டியின் உரிமையாளர் யார்? ஓட்டுபவரா? பணம் கொடுத்தவரா? இருவரும் அல்லர். ஆர்.சி. புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. ஒருவர் தம் காரை 2007-இல் விற்றார். அது பல கைகள் மாறியது. 2009-இல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. அதுவரை எவரும் பெயர் மாற்றவில்லை. இழப்பீட்டுக்கு முதலில் விற்றவரே பொறுப்பு என்பது தீர்ப்பு. காருக்குச் சொன்ன நீதிதான் மோட்டார் சைக்கிளுக்கும்.

இன்னொன்றும் உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாத சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், அவனுடைய பாதுகாவலர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையும் அவர் தலையில்தான். வண்டியை வாங்கியவர் தம் தம்பியிடம் கொடுத்தனுப்பினால் விற்றவர் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டலாம்.

இதற்குப் பரிகாரம் பெரிய வித்தையா? இல்லவே இல்லை. 29-ஆம் படிவம் விற்றதை அறிவிப்பது. 30-ஆம் படிவம் பெயர் மாற்றம் கோருவது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டியானால், தவணை முழுதும் கட்டியபின் கடன் கொடுத்த நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று பெற்று, 35-ஆம் படிவத்தின் மூலம் ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் புதியவர் பெயருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். வண்டியை ஒப்படைத்த நாளையும் மணியையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நலம். இவ்வளவுதான்! ஆனால் நடப்பது என்ன? வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுகிறோம்.

ஏன் விடுகிறோம்? சட்டம் தெரியாமை ஒரு காரணம். கூச்சம் அதைவிடப் பெரிய காரணம். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் என் அண்ணன் சென்ற ஆண்டு தன் வண்டியை விற்க நேர்ந்தது. முதலில் வந்தவர் சற்றுக் கூடுதலாகவே விலை சொன்னார். பெயர் மாற்றத்துக்குச் சேர்ந்து போகலாம் என்றதும், "ஏண்ணே, எம்மேல நம்பிக்கை இல்லையா? ரெண்டு நாள்ல நானே மாத்திக்கிறேன்" என்றார். என் தந்தையும், "கேட்டாத் தப்பா நெனைப்பாங்கப்பா" என்று தயங்கினார். எனக்கு அந்தத் தயக்கம் புரிந்தது. எங்கள் வீட்டில் காகிதம் என்றால் கடன் கொடுத்தவர் கைநாட்டு வாங்கும் காகிதம்தான். நாங்கள் ஒருவரிடம் எழுத்து கேட்டது அதுவே முதல் முறை. முதலில் வந்தவர் வேறு வண்டி பார்ப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். மூவாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்ட மற்றொருவர் முகம் கோணாமல் படிவத்தை நிரப்பினார். அந்த மூவாயிரத்தை நான் நஷ்டமாகக் கருதவில்லை. எழுத்து கேட்பது அவமதிப்பு ஆகாது. அது விற்பவருக்குக் காவல். நாளைக்குத் திருட்டு வண்டி என்ற பழி வராமல் வாங்குபவருக்கும் காவல்.

காகிதம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. விற்பவர் வாயும் சரியாக இருக்க வேண்டும். பந்தய ரக வண்டியில் பிளாஸ்டிக் கவசம் பல குற்றங்களை மறைக்கும். கீழே விழுந்து முன் ஃபோர்க் வளைந்த வண்டிக்குப் புதுக் கவசம் மாட்டிவிட்டால் புதுப் பெண் போல நிற்கும். தேய்ந்த செயினும் டிஸ்க்கும் பேரப் பேச்சில் மறைந்துவிடும். இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்குச் சொல்கிறேன். வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து 12 மீட்டரில் நிற்கும் வண்டி, 80 கிலோமீட்டர் வேகத்தில் அதே பிரேக்கில் 48 மீட்டர் ஓடித்தான் நிற்கும். பிரேக்கின் பிடி பாதியாகக் குறைந்திருந்தால் 96 மீட்டர்! அந்த வண்டியை வாங்குபவன் யார்? நம்மைப் போல் இருபது வயதுக்காரன். அவனுக்காக ஒரு தாய் வாசலில் காத்திருப்பாள். இரண்டாயிரம் மூவாயிரத்துக்காக மறைக்கக்கூடிய குற்றமா இது?

ஆகவே விற்பவர் வண்டியின் குறையை வாய்விட்டுச் சொல்லட்டும். வாங்குபவர் எஞ்சின் சூடேறும் முன் கிளப்பிக் காட்டச் சொல்லட்டும். தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வரட்டும். ஓட்டிப் பார்க்கக் கொடுக்குமுன் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பதும் விற்பவர் கடமையே.

இடைத்தரகர் இல்லாமல் நாமே விற்பதை நான் குறை கூறவில்லை. தரகுப் பணம் மிச்சமாகிறது. அது ஏழைக்குப் பெரிய தொகை. ஆனால் தரகரை விலக்கியவர் அவர் செய்யும் வேலையைத் தாமே செய்தாக வேண்டும். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அணியினர் ஆண்டு இறுதித் தேர்வுக்கு முன் ஒரு நாள் இந்தப் படிவங்களை வைத்துக்கொண்டு, நிரப்பும் முறையை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்டுவார்களாக. படித்தவன் கையெழுத்து, வெற்றுத் தாளில் விழக்கூடாது!