மந்திரவாதிக்கு ஒரு மாணவி

மந்திரவாதி என்ற சொல்லுக்குப் பெண்பால் கேட்டால் வகுப்பில் உடனே பதில் வருகிறது: சூனியக்காரி. சொல்பவர்கள் முதுகலைத் தமிழ் மாணவிகள். மந்திரவாதி என்றால் அவனுக்குக் குரு உண்டு, குகை உண்டு, ஏடு உண்டு, பின்னாலேயே ஓடிவரும் சிஷ்யப் பையனும் உண்டு. சூனியக்காரி எங்கே படித்தாள், யாரிடம் படித்தாள் என்று எந்தக் கதையும் கேட்பதில்லை. அவன் செய்தால் வித்தை, அவள் செய்தால் வினை.

1947இல் அம்புலிமாமாவைத் தொடங்கிய நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1951இல் ‘பாதாள பைரவி’ படத்தை எடுத்தார்கள். படத்தின் பெயர் அவளுடையது. ஆனால் சிலை எவன் கையில் இருக்கிறதோ அவன் கேட்டதைக் கொடுப்பதுதான் அவள் வேலை. மந்திரவாதியானாலும் சரி, தோட்டராமனானாலும் சரி. இளவரசியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அதற்குத்தான் இளவரசி.

பிள்ளைகள் கதைதானே, இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்பார்கள். பெண்களை ‘டாயன்’ என்று முத்திரை குத்தி அடித்துக் கொல்வதைத் தடுக்க பீகார் 1999இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஜார்க்கண்ட் 2001இல் அதைத் தனதாக்கிக்கொண்டது. அப்படி முத்திரை குத்தப்பட்டு, அடிபட்டு, பிறகு தன்னைப் போன்ற பெண்களை மீட்கும் வேலையில் இறங்கிய சுட்னி தேவிக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வித்தை தெரிந்த பெண் ஆபத்தானவள் என்ற எண்ணம் திடீரென்று ஒருநாள் ஊர்ப் பஞ்சாயத்தில் முளைப்பதில்லை.

இன்றைய பிள்ளைகளிடம் ஹாரி பாட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தப் பள்ளியில் பெண்களும் படிக்கிறார்கள். வகுப்பில் முதலாவதாக நிற்பவள் ஹெர்மியோனி. ஆனாலும் ஏழு புத்தகங்களின் அட்டையிலும் பையன் பெயர்தான். அதை எழுதிய ஜோன் ரௌலிங்கின் பெயர்கூட முழுதாக அட்டைக்கு வரவில்லை. பெண் எழுதியது என்று தெரிந்தால் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று 1997இல் பதிப்பகம் அஞ்சியது. நடுப்பெயரே இல்லாத அவர் பாட்டியின் பெயரிலிருந்து ஒரு ‘கே’யைக் கடன் வாங்கி ஜே.கே. ஆனார். (திருநங்கையர் குறித்து அவர் பின்னாளில் பேசியவை எனக்கு ஏற்புடையவை அல்ல. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.)

அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எர்த்சீ’ கதையிலும் மந்திரப் பள்ளியில் ஆண்கள் மட்டுமே. ஆனால் அவர் 1990இல் ‘தெஹானு’ என்ற நாவலுடன் அதே தீவுகளுக்குத் திரும்பி வந்து, இந்த முறை வீட்டுக்குள் இருந்த பெண்ணின் கண்வழியே அந்த உலகத்தைப் பார்த்தார். தான் கட்டிய உலகத்தையே திருப்பிப் போடும் துணிவு அது.

நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. நம்மிடம் மணிமேகலை இருக்கிறாள்.

உ.வே.சா. 1898இல் பதிப்பித்துக் கொடுத்த அந்தக் காப்பியத்தைச் சமயச் சாயம் கழுவிவிட்டு, ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் பெண்ணை ஒரு தெய்வம் வான்வழியே தூக்கிப்போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. மூன்று மந்திரங்களைக் கற்றுத்தருகிறது: வேற்றுருவம் எடுக்க, வானில் பறக்க, பசியை வெல்ல. அங்கே கோமுகிப் பொய்கையிலிருந்து எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் ஒன்றும் கிடைக்கிறது. ஊர் திரும்பியவள் காயசண்டிகையாக உருமாறுகிறாள், சிறைக்குள் போய்ச் சோறு போடுகிறாள், அரசனிடம் பேசிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். பிறகு அவளையே அடைத்து வைக்கிறார்கள். அரசி பட்டினி போடும்போது பசி மந்திரம் காக்கிறது. அவளைக் கெடுக்க ஒருவனை ஏவும்போது ஆணுருவம் எடுத்துக்கொள்கிறாள். கற்ற ஒவ்வொரு மந்திரத்துக்கும் கதையில் வேலை இருக்கிறது.

வஞ்சி மாநகரில் சமயவாதிகளிடம் கேட்டறியப் போகும்போதும் அவள் ஆண் துறவியாகத்தான் போகிறாள். ஏனென்றால் வளையல் போட்ட சிறுபெண்ணுக்கு ஒருவனும் மெய்ப்பொருள் சொல்லித் தரமாட்டான் என்று தெய்வமே முன்கூட்டிச் சொல்லிவிட்டது. அந்த ‘கே’ வேறென்ன? வஞ்சிக்குப் போன மணிமேகலையின் ஆண் வேடம்தானே அதுவும்!

இந்தக் கதையை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? ஐந்து மதிப்பெண் வினாவாக்கி, ‘துறவின் பெருமை’ என்று தலைப்பிட்டு, அந்தப் பெண் பறந்ததையும் உருமாறியதையும் கிளைக்கதைக் குப்பையில் தள்ளியிருக்கிறோம். சிறுவர் தொடராக எழுதலாமே என்று ஒரு பதிப்பாளரிடம் கேட்டேன். “பொம்பளப்புள்ள கதைன்னா பசங்க தொடமாட்டாங்க மேடம்” என்றார். 1997இல் லண்டனில் சொன்ன அதே காரணம், திருச்சி வழக்கில்.

தொடுகிறார்கள். மன்னார்புரத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதுண்டு. மணிமேகலையை ஐந்து வாரம் சொன்னேன். ஒரு வாரம் நான் ஊரில் இல்லை என்றதும் சண்டைக்கு வந்தவர்கள் பையன்கள்தான். “அந்த ஜெயில்ல இருந்தவங்க எல்லாம் அப்புறம் எங்க போனாங்க?” என்று ஒருவன் கேட்டான். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி, ஆணாக மாறினால் திரும்பிவரவும் அதே மந்திரமா, வேறு மந்திரமா என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு எதிலும் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எழுதுகிற தோழிகள் யாராவது இதைக் கையில் எடுங்கள். மூன்று மந்திரத்துக்கு மூன்று பாகம், பாகத்துக்கு நூறு பக்கம், நல்ல ஓவியங்கள். அட்டையில் அவள் பெயர் பெரிதாக இருக்கட்டும். உங்கள் பெயரையும் முழுதாகப் போடச் சொல்லுங்கள்.