மூச்சிரைப்புக்கு ஒரு நாள் முகாம் போதுமா?

பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் ஆண்டுதோறும் தவறாமல் நடத்தும் நிகழ்ச்சிகளில் மருத்துவ முகாமும் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மேசைகளைப் போடுகிறோம். இரத்த அழுத்தம் பார்க்கிறோம், இனிப்புநீர் அளக்கிறோம், மதிய உணவுக்குப் பின் படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறுகிறோம். அந்தப் படம் ஆண்டு மலரில் வருகிறது. இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முகாமில்தான் தமக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதை முதன்முதலாக அறிந்தவர்கள் உண்டு. ஆனால் கெடாவின் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் நம்மவரைப் படுத்தும் நோய்களில் இரண்டு, ஒரு நாள் முகாமுக்குள் அடங்காதவை. ஒன்று நாள்பட்ட நுரையீரல் நோய், மற்றொன்று இதய நோய். இவை பெரும்பாலும் முற்றாகக் குணமாவதில்லை. நோயாளி இருபது ஆண்டுகள் அவற்றோடு வாழ வேண்டியிருக்கலாம். அவருக்கு நோயைக் கண்டுபிடித்துச் சொல்பவரைவிட, கூடவே இருப்பவர்தான் அதிகம் தேவை.

"சிகரெட் பிடித்தவர்தானே, அனுபவிக்கட்டும்" என்று பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. புகை பிடித்தல்தான் நுரையீரல் அடைப்பு நோய்க்கு முதற் காரணம் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தோட்டத்துப் பெண்கள் பலர் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. லயத்து வீட்டின் பின்கட்டில் ரப்பர் விறகை மூட்டிச் சமைத்த அடுப்புப் புகை இதே நோயைத் தரும் என்பதை மருத்துவ உலகம் அறியும். ரப்பர் சீட்டை உலர்த்திய புகைக்கூடங்களில் உழைத்தவர்களும் புகையைத்தான் சுவாசித்தார்கள். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த லயங்களில் தொண்டைப்புண் எளிதில் பரவும். அதைக் கவனிக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, பிஞ்சு வயதிலேயே இதய வால்வைக் கெடுத்துவிடும்.

மருந்தடிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதுகில் தொட்டியைச் சுமந்துகொண்டு களைக்கொல்லி தெளிக்கும் வேலை தோட்டங்களில் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. அவர்கள் தெளித்தவற்றுள் ஒன்று பாராகுவாட். மிகுதியாக உடலில் சேர்ந்தால் அது நுரையீரலில் போய்த் தங்கி, அதைத் தழும்பாக்கிவிடும் நஞ்சு. சுங்கைப்பட்டாணியில் பிறந்த ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனாகானித்தா அமைப்பு, 2002இல் தோட்டங்களின் பூச்சிமருந்துப் பாதிப்பைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் அரசு பாராகுவாட்டைத் தடை செய்தது. ஆனால் 2006இல் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி முதல் நாளில்தான். ஐரீன் அதைப் பார்க்கவில்லை, 2014இலேயே காலமாகிவிட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் தொட்டி சுமந்தவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதைக் கடந்து நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

தோட்டத்தில் முன்பு டிரஸர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிய கிண்டல்கள் நமக்குத் தெரியும். எந்த நோய்க்கும் ஒரே கலர் தண்ணீர் மருந்து என்பார்கள். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. குறைகள் இருந்தாலும், எந்த வீட்டில் யாருக்கு இழுப்பு, யார் மாத்திரையை விட்டுவிட்டார் என்பது அவருக்குத் தெரியும். பெரட்டுக் களத்தில் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் விசாரிக்க ஆள் இருந்தது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில நிலங்கள் வீடமைப்புக்குப் போயின, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தனர். நம்மவர்கள் பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், கூலிம் என்று பட்டணக்கரைக் குறைந்தவிலை வீடுகளுக்குப் பெயர்ந்தார்கள். மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் நான்காவது மாடி ஒதுக்கப்பட்டால், மூச்சிரைப்புக்காரருக்கு அதுவே சிறைதான். பட்டணத்துக் காற்றும் சுத்தமில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் சுங்கைப்பட்டாணி மக்கள் பிளாஸ்டிக் எரிக்கும் நாற்றத்தைப் பற்றி முறையிட்டது நாளிதழ்களில் வந்தது.

மருந்து கிடைக்கவில்லையா என்று கேட்டால், கிடைக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. இவ்வளவு மலிவாக இருந்தும் நோய் ஏன் முற்றுகிறது என்பதை வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்தடித்த என் பெரியம்மாவிடம் இரண்டு இன்ஹேலர்கள் இருந்தன. நீல நிறத்தது உடனே மூச்சைத் திறந்துவிடும். மற்றது தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு மருந்து. இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. ஆகவே "இது வேலை செய்யல" என்று தடுப்பு மருந்தை அலமாரியில் வைத்துவிட்டு, நீலத்தை மட்டும் நாளுக்குப் பத்துத் தடவை அழுத்துவார். அதையும் மூச்சை இழுக்கும் நேரம் பார்த்து அழுத்தாததால் பாதி மருந்து நாக்கில்தான் படிந்தது. ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குழலை மாட்டினால் இந்தச் சிக்கல் பெரிதும் தீர்ந்துவிடும்.

இதய நோயாளியின் கதை வேறு. இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது அன்று. இரத்தத்தை இறைக்கும் வலு குறைவது. நீர் தேங்கிக் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். அதற்குத்தான் நீர் மாத்திரை. ஆனால் கிளினிக்குக்குப் போகும் நாளில் பலர் அதை விழுங்குவதில்லை. பேருந்தில் கழிவறைக்கு எங்கே போவது? தினமும் காலையில் எடை பார்த்து, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே காட்ட வேண்டும் என்பார் டாக்டர். வீட்டில் எடைக்கருவி இருக்காது. கருவாடும் நெத்திலியும் இல்லாமல் சோறு இறங்காது. முட்டி வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளில் சில உடலில் நீரைத் தேக்கி இதயத்தை இன்னும் வருத்தும் என்பது பலருக்குத் தெரியாது. இவற்றில் ஒன்றையாவது கோயில் மண்டப மேசையில் ஐந்து நிமிடத்தில் தீர்க்க முடியுமா?

"இது மருத்துவ மாணவர்களின் வேலை, தமிழ் அமைப்புக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். செமலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமே இருக்கிறதே என்றும் சொல்லலாம். நான் இங்கே கேட்பது மருத்துவம் அன்று, மொழி. கிளினிக்கில் தரும் தேதி அட்டை, பினாங்கு பொது மருத்துவமனைக்கு எழுதித் தரும் கடிதம், சொக்சோ படிவம் எல்லாம் மலாயில்தான். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு தலைமுறை அவற்றைப் பிளாஸ்டிக் பையில் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறது. இரு மொழியும் அறிந்த நாம் அவற்றைப் படித்துச் சொல்லலாம். இதே பீடோங்கின் ஹார்வார்ட் தோட்டத்தில் 1947இல் தொண்டர் படையினர் கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் செய்தார்கள். அவர்கள் எவரும் மருத்துவர் அல்லர். தொழிலாளியின் உடல்நலம் தங்கள் பொறுப்பு என்று நினைத்தவர்கள். (சிகரெட்டை எதிர்த்து அப்படி ஒரு படை நம்மிடையே எழாதது ஏனோ!)

எனவே என் கருத்து இதுதான். அடுத்த ஆண்டு முகாமை நிறுத்த வேண்டாம், அதில் கண்டறிந்தவர்களை விட்டுவிட வேண்டாம். ஒரு தோட்டம் அல்லது ஓர் அடுக்குமாடி, பத்துக் குடும்பம், குடும்பத்துக்கு இரண்டு மாணவர் போதும். மாதம் ஒருமுறை போய் இன்ஹேலரை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், அட்டையில் உள்ள தேதியைத் தொலைபேசியில் பதிந்து முதல் நாள் அழைத்து நினைவூட்டுங்கள். முகாமுக்குச் செலவாகும் பதாகை, டி-சட்டைப் பணத்தில் பத்து எடைக்கருவி வாங்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், நாற்பது வயதைக் கடந்தோருக்கு இலவசப் பரிசோதனையும், தகுதியுள்ளோருக்கு மருத்துவக் கருவி, போக்குவரத்து உதவியும் உண்டு. அதைக் கேட்டுப் பெற்றவர்கள் நம் அடுக்குமாடிகளில் எத்தனை பேர் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக சொக்சோ. அது வேலையிடத்து விபத்துக்கு மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 'பென்சென் இலாட்' எனும் இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. நோய் எங்கே வந்தது என்பது அதற்கு முக்கியமில்லை. இதயமோ நுரையீரலோ கெட்டு, வழக்கமான சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட இயலாத நிலை வந்து, போதிய மாதங்கள் சந்தாவும் கட்டியிருந்தால், மருத்துவக் குழுவின் முன் விண்ணப்பிக்கலாம். அறுபது வயதைத் தாண்டிவிட்டால் இயலாமை அதற்கு முன்பே இருந்தது என்று காட்ட வேண்டிவரும். பழைய மருத்துவச் சீட்டு இல்லாதவருக்கு அது பெரும்பாடு. ஐம்பத்தெட்டு வயதில் "மூச்சு வாங்குது, இனி முடியாது" என்று வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அந்தப் படிவத்தை நிரப்ப இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.