மலையகத்தின் கதை, கோடம்பாக்கத்தின் பாட்டு

2023ஆம் ஆண்டின் பிற்பாதியில் மலையகத் தோட்டங்களில் சனி, ஞாயிறு இரவு என்றால் ஒரே பேச்சுதான். ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடையில் புசல்லாவை நயப்பனைத் தோட்டத்துச் சிறுமி அசானி பாடிக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பிள்ளை சென்னைக்குப் போனதே பெரிய செய்தி. பயணத்துக்கு ஊரார் கைகொடுத்ததாகவும் அப்போது செய்தி வந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக இருந்த காலம் அது. நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஹட்டனுக்கு பஸ் ஏறவே கணக்குப் பார்க்கும் வீடுகளுக்குச் சென்னை எவ்வளவு தூரம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பருவத்தில் பட்டம் வென்றவர் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா. இரண்டு பிள்ளைகளையும் திரை ஒரே சொல்லில் அறிமுகம் செய்தது: இலங்கை. போட்டியில் நாடுகள் மோதவில்லை, ஆனாலும் நாட்டின் பெயர்தான் முன்னே நின்றது. அரியாலையின் கதை வேறு, நயப்பனையின் கதை வேறு. மலையகத்தார் தென்னிந்தியாவிலிருந்து வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, அதே 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். 1948இல் பிரஜாவுரிமை பறிபோனதும், 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைக்கணக்குப் போட்டுப் பங்கிடப்பட்டதும் வடக்கின் வரலாறு அல்ல. தமிழ்நாட்டு நேயர்களில் பலருக்கு இந்த வேறுபாடு உறைத்ததே அசானியின் வழியாகத்தான். அதற்காக அந்த நிகழ்ச்சிக்கு நன்றி சொல்லலாம். ஆனால் நன்றியோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

நாடுகள் நேருக்கு நேர் பாடும் போட்டி எப்படி இருக்கும் என்பதற்கு யூரோவிஷன் நல்ல பாடம். 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழே நாடுகளுடன் தொடங்கியது. முதல் வெற்றியும் சுவிட்சர்லாந்துக்கே. 1974இல் அபா குழுவைச் சுவீடனிலிருந்து உலகத்துக்குத் தூக்கிக் கொடுத்தது இந்த மேடைதான். அதன் விதிகளில் மூன்றை இங்கே கவனிக்க வேண்டும். பாடகரை அனுப்புவது அந்தந்த நாட்டின் ஒளிபரப்பு நிலையம். பாடப்படுவது புதுப் பாட்டாக இருக்க வேண்டும், ஏற்கெனவே ஊர் அறிந்த பாட்டுக்கு இடமில்லை. தன் நாட்டுப் பாட்டுக்குத் தானே வாக்குப் போடவும் முடியாது. அப்படியும் கிரேக்கமும் சைப்ரஸும் 12 புள்ளிகளை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்வதைப் பார்த்து ஐரோப்பியர் வருடாவருடம் சிரிப்பார்கள். புலம்பெயர்ந்தோர் வாக்கும் அக்கம்பக்கத்து உறவும் முடிவைச் சாய்க்கின்றன என்ற முணுமுணுப்பு வலுத்து, 2009இல் நடுவர் குழு மீண்டும் வந்தது.

2016 ஸ்டாக்ஹோம் போட்டியை மலையகத்தார் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உக்ரைன் அனுப்பிய ஜமாலா கிரிமியத் தாத்தார் இனத்தவர். 1944 மே மாதத்தில் ஸ்டாலின் ஆட்சி அந்த இனத்தையே, ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரை, ரயிலில் அடைத்து மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தியது. ஜமாலாவின் கொள்ளுப்பாட்டியும் அதில் அகப்பட்டவர். '1944' என்பதே பாட்டின் பெயர். ஆங்கிலத்தோடு தாத்தார் மொழியும் கலந்த அந்தப் பாட்டு முதலிடம் பெற்றது. ரஷ்யா கொதித்தது. 2014இல் கிரிமியா ரஷ்யாவிடம் போயிராவிட்டால் உக்ரைன் இந்தப் பாட்டைத் தேர்ந்திருக்குமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். என்றாலும் ஒரு சிறுபான்மை இனத்தின் காயத்தை, அதன் மொழியிலேயே, ஒரு நாடு தன் கொடியின் கீழ் பாட வைத்தது என்பது நடந்த விஷயம்.

மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து, வழியிலேயே செத்து விழுந்த மலையக முன்னோரைப் பற்றிய ஒரு பாட்டு இதுபோல் இலங்கைக் கொடியோடு மேடை ஏறுமா? 2016 சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் ஒலித்தபோது அதுவே பெரும் செய்தியாயிற்று. 2020 விழாவில் அது ஒலிக்கவில்லை. நாட்டின் கீதத்துக்கே இந்தக் கதி என்றால் தோட்டத்துப் பாட்டின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆக, சென்னை மேடைதான் கதி. அங்கே பிள்ளையின் கதை மலையகத்தினுடையது, பாட்டு கோடம்பாக்கத்தினுடையது. லயத்துக் காம்பராவும் கொழுந்துக் கூடையும் அறிமுகக் காட்சிக்கு வரும், பார்ப்பவர் கண் கலங்கும். பாட ஆரம்பித்தால் இளையராஜா பாட்டு. இளையராஜா மீது தோட்டத்தாருக்கு உள்ள பிரியத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருவிழா ஒலிபெருக்கியில் அவரில்லாமல் விடியாது. ஆனால் இந்த மக்களுக்குச் சொந்தப் பாட்டு இல்லாமல் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்த நாட்டார் பாடல்கள் நூலாகவே இருக்கின்றன. கங்காணியை ஏசும் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அந்த மரபில் உண்டு. மாசியில் காமன் கூத்து நடக்கும்போது தப்புச் சத்தத்தில் மலை அதிரும். இவற்றில் எதற்கும் சினிமாப் பாட்டுப் போட்டியில் சுற்று கிடையாது.

இது மலையகத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2015இல் விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' இறுதிச் சுற்றில் இரண்டாம் இடம் பெற்ற கனடாவின் ஜெசிகா, பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தைத் தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்கென அறிவித்தார். அந்த மேடையில் இடப்பெயர்வைப் பாடி அரங்கை உலுக்க அவருக்கும் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படப் பாட்டுத்தான் கைகொடுத்தது. ஈழத்துக் கவிஞர்கள் எழுதிக் குவித்தவை எதுவும் அந்த மேடைக்கு எட்டவில்லை.

ஆசியாவில் வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. ஆசிய பசிபிக் ஒலிபரப்புச் சங்கம் 2012இல் சோலில் தொடங்கிய தொலைக்காட்சிப் பாடல் விழாவில் இலங்கையும் கலந்துகொண்டது. அதில் வாக்கெடுப்பு இல்லை, வென்றவர் தோற்றவர் இல்லை. அதனாலோ என்னவோ, ஊரில் அதை அறிந்தவரும் அதிகம் இல்லை. ஆஸ்திரேலியா முன்னின்று நடத்தவிருந்த ஆசிய யூரோவிஷன் 2021இல் கைவிடப்பட்டது. ரஷ்யா 2025 செப்டம்பரில் மாஸ்கோவில் மீண்டும் உயிர்ப்பித்த இன்டர்விஷனில் இந்தியா பாடியது, வென்றது வியட்நாம். அதுவும் தன் நாட்டுப் பழங்கதை வீரன் ஒருவனைப் பற்றிய பாட்டோடு. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மாஸ்கோவின் அரசியலை எண்ணி அதை நல்லதென்று சொல்வோரும் உண்டு.

திரையில் இடம் கேட்க நோட்டன் பிரிட்ஜுக்குத் தனி வழக்கே இருக்கிறது. இங்கே தேக்கிய நீர்தான் 1950இல் தொடங்கிய பழைய லக்ஷபான மின்நிலையத்தைச் சுழற்றியது. 1965இல் விமலசுரேந்திர மின்நிலையமும் வந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது கொழும்பு வரவேற்பறைகளில் படம் ஒளிர்ந்ததில் இந்த மலைநீருக்கும் பங்குண்டு. அணைக்கு மேலேயிருந்த லயங்களிலோ வெகுகாலம் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான். பிறகு கம்பி வந்தது, தகரக் கூரையில் டிஷ் வந்தது, அதன் வழியே சென்னை வந்தது.

அரசுக்குத் தமிழ் அலைவரிசை இருக்கிறது, தனியார் தமிழ் அலைவரிசைகளும் இருக்கின்றன. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அவர்கள் ஒரு தெரிவுச் சுற்று வைப்பதற்கு யூரோவிஷன் அளவுக்குப் பணம் வேண்டாம். புதுப் பாட்டு மட்டும், எழுதியவரும் இசையமைத்தவரும் மலையகத்தவர் என்று ஒரு விதி போட்டால் போதும். நாட்டின் பெயரில் அடுத்த முறை ஒருவரை வெளியே அனுப்பும்போது, அங்கே தேறிய பாட்டும் சிங்களப் பாட்டுகளோடு ஒரே மேசைக்கு வரட்டும். தெரிவுக் குழுவில் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர் என்ற கேள்வியை அப்போது கேட்டாக வேண்டும்.