சுவருக்கு முளைத்த வாய்

சுவருக்கும் காது உண்டு என்பது பழமொழி. இன்று நம் இராமநாதபுரக் கடற்கரை வீடுகளில் சுவருக்கு வாயும் முளைத்துவிட்டது! ஒருவர் சொன்னதை நான்கு சுவர்களும் திருப்பிச் சொல்கின்றன. ஒரு மூலையில் தொலைக்காட்சி, மறு மூலையில் தம்பியின் பாடம். இரண்டும் கலந்து எதுவும் விளங்குவதில்லை. தாத்தாவிடமோ ஒரே செய்தியை மூன்று முறை கத்த வேண்டியிருக்கிறது. காது மந்தம் என்று முதியோர்மேல் போடும் பழியில் ஒரு பங்கை வீட்டின்மேல் போட வேண்டும் என்பது என் கருத்து.

பனையோலைக் குடிசையில் இத்தொல்லை இல்லை. ஒலியின் ஒரு பகுதி ஓலை இடுக்குகளில் தேய்ந்துவிடும். மீதி வெளியே ஓடிவிடும். அதற்காகக் குடிசைக்கே திரும்புவோம் என்று சொல்பவன் அல்லன் நான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயலைக் கேட்டறிந்தவர்க்குக் கான்கிரீட் கூரையின் அருமை தெரியும். 2030க்குள் 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க 2024இல் வந்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை வரவேற்கவே செய்கிறேன். வீடு ஒன்றுக்கு 360 சதுர அடி. அந்தச் சிறிய இடத்தில்தான் சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம். ஓசைக்கும் அங்கே ஒரு கணக்கு வேண்டாமா?

கணக்கு இருக்கிறது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஒரு சொல் அடங்க ஐந்து வினாடிக்கு மேலான விரிவுரை மண்டபம் ஒன்றைச் சீராக்கும் பணி சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவு இரவாக நாற்காலி மெத்தைகளைச் சுமந்து சென்று பரப்பி அளந்தார். ஒலியை உறிஞ்சும் திறனுக்கு அவர் கொண்ட அளவுகோல் எது தெரியுமா? திறந்த சன்னல்!

அவருடைய சூத்திரத்தை நம் வீட்டில் போட்டுப் பார்ப்போம். 12 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள வெற்றறை. பூச்சுச் சுவரும் சிமெண்டுத் தரையும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கையே உறிஞ்சும். எல்லாவற்றையும் அடைத்தால் எதிர்முழக்கம் அடங்க நாலரை வினாடி. நான்கடிச் சதுரச் சன்னல் ஒன்றைத் திறந்தால் அது இரண்டேகால் வினாடியாகிவிடும். இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் குரல் நீண்டொலிப்பது அழகு. பாடம் படிக்கும் அறைக்கு அந்த அழகு எதற்கு?

திறந்த சன்னல் வழியே கடற்காற்று மட்டுமா வருகிறது? தெருமுனைக் குழாய் ஒலிபெருக்கியும் வருகிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் வரம்பு கட்டியுள்ளன. விழாக் குழுக்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பர்? வெளிச்சத்தத்தை விதியும் கனமான சுவரும் இறுக மூடும் சன்னலும்தாம் தடுக்க முடியும். பாயும் திரையும் தடுக்கா. இதைப் பலர் குழப்பிக்கொள்கின்றனர்.

உள்முழக்கத்துக்கோ மருந்து நம் மாவட்டத்திலேயே விளைகிறது. ஓலைப்பாயைச் சுவரோடு ஒட்டினால் பயன் சொற்பம். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மரச்சட்டத்தில் கட்டி, இடையில் தென்னைநாரோ பழைய பருத்திப் புடவையோ நிரப்பினால் நன்றாக உறிஞ்சும். (அடுப்பங்கரையில் மட்டும் வேண்டாம்.) அழகுக்காக மீன்வலையை மாட்டுகிறார்கள் சிலர், கண்ணிக்குள் மீன் சிக்கும், ஒலி சிக்காது.

அரசு வீடு கட்டும்போதே இரண்டு சுவர்களில் சட்டம் மாட்டக் கொக்கிகள் பதித்துத் தரட்டும். பாய்களைச் சாயல்குடிப் பக்கத்துப் பனைத் தொழிலாளரிடம் வாங்கட்டும். முடைகின்ற பெண்களுக்கும் கூலி கிடைக்கும்.

நம் இயற்பியல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடத்திலிருந்து வரும் மாணவர் வீடுகளில், பாய் கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு பலூனை வெடித்து, கைப்பேசியில் பதிவு செய்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிடலாம். பலூன் செலவு என்னுடையது.