அப்பம்மாவின் போன்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளிக்கு வெளிக்கிடுற அவசரத்தில், மகள் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள். "அப்பா, அப்பம்மாவின்ர போன் வீங்கியிருக்கு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை ஒரு பக்கம் தூக்கி, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. உள்ளே பற்றரி பொம்மித் தெரிந்தது.

அம்மா 2021 இல் தவறினார். அன்றிலிருந்து அவரது போன் அவர் படத்துக்குப் பக்கத்தில், எப்போதும் சார்ஜரில் இருந்தது. அணைந்துபோகக் கூடாது என்றுதான் அப்படி வைத்தேன். அதில் அம்மா அனுப்பிய குரல் செய்திகள் இருக்கின்றன. எனக்கு வந்த பக்கம் பழைய போனோடு போய்விட்டது, இருந்த ஒரே பிரதி அதுதான். வேலையில் நான் மற்றவர்களுக்கு 'பேக்கப் எடுத்தீங்களா?' என்று தினம் கேட்கிறவன். வீட்டில் எடுக்கவில்லை. எடுப்பதென்றால் ஒருமுறை கேட்க வேண்டும், அதற்குத் தைரியம் வரவில்லை.

அப்பா ஊரில் இரசாயனவியல் படிப்பித்தவர். போனைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "எப்பவும் நூறிலயோ வைச்சிருந்தனி, தம்பி?"

"ஓம் அப்பா."

"அதுதான்."

அந்த 'அதுதான்' எனக்கு விளங்கவில்லை. அன்றிரவு இரண்டு மணி வரைக்கும் இருந்து வாசித்தேன்.

போன் பற்றரியின் நேர்முனை பெரும்பாலும் லித்தியம் கோபால்ட் ஒட்சைட்டு. அதை ஒரு பல மாடிக் கார்ப் பார்க் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கோபால்ட்டும் ஒட்சிசனும் சேர்ந்து கட்டியவை தளங்கள். தளங்களுக்கு நடுவே லித்தியம், நிறுத்தி வைத்த கார்கள் மாதிரி. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு அரை நனோமீற்றர்கூட இல்லை. சார்ஜ் பண்ணும்போது கார்கள் வெளியேறி எதிர்ப் பக்கத்துக் கிராபைட்டுக்குப் போகின்றன. நாங்கள் போனைப் பாவிக்கும்போது திரும்பி வருகின்றன. திரை நூறு காட்டினால் கார் பார்க் முழுக்கக் காலி என்று அர்த்தமில்லை. பாதியோ அதற்குச் சற்றுக் கூடவோ போனதும், போதும் என்று நிறுத்திவிட்டு 'நூறு' என்று காட்டுகிறார்கள். அதற்கு மேல் இழுத்தால் கட்டடம் தாங்காது.

சிக்கல் கட்டடத்தின் நடுவில் தொடங்குவதில்லை, வாசலில் தொடங்குகிறது. ஒட்சைட்டும் மின்பகு திரவமும் தொட்டுக்கொள்ளும் அந்த மெல்லிய எல்லையில். (மென்பொருளிலும் அப்படித்தான். இரண்டு சிஸ்டம் தனித்தனியே ஒழுங்காக ஓடும், சேருகிற இடத்தில்தான் என் வார இறுதிகள் போகும்.) கார்கள் நிறையப் போய், மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும்போது, எல்லையில் இருக்கும் ஒட்சிசன் அணுக்களின் பிடி தளர்கிறது. சில கழன்றும் போகின்றன. பக்கத்திலுள்ள கோபால்ட் அணுக்கள் தங்கள் இடத்தை விட்டு, லித்தியம் நின்ற வெற்றிடங்களுக்குள் சறுக்கி விழுகின்றன. அடுக்கடுக்காக இருந்த ஒழுங்கு குலைந்து, ஓரத்துச் சில நனோமீற்றர் மட்டும் உப்புப் படிகம் போல, தளம் எது பாதை எது என்று தெரியாத கலவையாகிறது. உள்ளே கட்டடம் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் வாசல் அடைபட்டுவிடும். கழன்ற ஒட்சிசன் திரவத்தோடு தாக்கமுற, திரவமும் தன்பாட்டில் சிதைய, வாயு உண்டாகிறது. மகள் கண்ட வீக்கம் அதுதான்.

எலக்ட்ரோன் நுண்ணோக்கியில் எடுத்த படங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். உள்ளே கொப்பி றூள் மாதிரி நேர் நேரான அணு வரிசைகள், விளிம்பில் சில வரிசைகள் மட்டும் குழம்பிப்போய். அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அணைந்துவிடக் கூடாது என்று நான் செய்த காரியமே ஒவ்வொரு நாளும் அந்த விளிம்பைத் தின்றிருக்கிறது.

மின்சாரக் கார்களில் கோபால்ட்டைக் குறைத்து நிக்கலைக் கூட்டுகிறார்கள். விலை ஒரு காரணம், கொங்கோச் சுரங்கங்களில் பிள்ளைகள் வேலை செய்வது இன்னொன்று. நிக்கல் அயனும் லித்தியம் அயனும் கிட்டத்தட்ட ஒரே பருமன், அதனால் இடம் மாறி உட்காருவது இன்னும் சுலபம். பல கார்களில் நாளாந்தப் பாவிப்புக்கு 80 வீதத்தோடு நிறுத்தச் சொல்வது இந்த ஓரத்தைக் காப்பாற்றத்தான். துகள்களுக்கு மேல் அலுமினியம் ஒட்சைட்டை மெல்லிய தோலாகப் பூசியும் பார்க்கிறார்கள்.

இந்த அடுக்கு ஒட்சைட்டு பிறந்த இடம் எங்களுக்குத் தூரமில்லை. 1980 இல் ஒக்ஸ்போர்டில் ஜோன் குட்இனஃபும் கொய்ச்சி மிசுஷிமாவும் கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். சௌத் பார்க்ஸ் வீதி ஆய்வுகூடச் சுவரில் நீலப் பலகை இருக்கிறது. 1991 இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே குட்இனஃபிடம் 80களின் நடுவில் ஒக்ஸ்போர்டுக்கு வந்து சேர்ந்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற சின்னக் கிராமம், பிறகு மதுரை, சென்னை ஐ.ஐ.டி. 1986 இல் இருவரும் டெக்சாஸ் போனார்கள். 2019 இல் குட்இனஃபுக்கு 97 வயதில் நோபல் கிடைத்தபோது, ஸ்டொக்ஹோமில் அவருக்காக நோபல் உரையை ஆற்றியவர் மந்திரம்தான். இன்றைக்கும் கோபால்ட் குறைந்த நேர்முனைகளில்தான் வேலை செய்கிறார். அப்பாவுக்குச் சொன்னேன். "அமரபுரமோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

போனுக்கு வருவோம். வீங்கிய பற்றரியைச் சார்ஜ் பண்ணவோ, அமத்தவோ, குத்தவோ கூடாது. குப்பை வாளியிலும் போடக்கூடாது, கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். நான் உலோகப் பெட்டியில் வைத்து ஈஸ்ட் ஹாமில் ஒரு சின்னத் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரப் பெடியன் பிளாஸ்டிக் கத்தியால் ஒட்டுப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்த அந்த இருபது நிமிடமும் நான் வெளியே நடைபாதையில் நின்றேன். புதுப் பற்றரி போட்டான். திரை எரிந்தது.

41 செய்திகள். மூன்று இடத்தில் பிரதி எடுத்தாயிற்று. போன் இப்போது பாதிச் சார்ஜில், அணைத்து, லாச்சிக்குள் இருக்கிறது. சும்மா வைக்கிறதென்றால் அதுதான் அதற்கு நல்லது.

ஞாயிறு பின்னேரம் அப்பாவையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் செய்தியைப் போட்டேன். "தம்பி, கத்தரிக்காய்க் குழம்பு வைச்சிருக்கிறன். வரேக்க பெட்டி கொண்டு வா. போனமுறை கொண்டுபோன மூண்டையும் நீ இன்னும் தரேல்ல."

அப்பா திரும்பப் போடச் சொன்னார். மகள் எழும்பிக் குசினிக்குப் போய், அலுமாரியின் கீழ்த் தட்டிலிருந்து பச்சை மூடிப் பெட்டிகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.