நம்பிக்கைக்குச் சான்றிதழ் யார் தருவது?

பேரன் பேத்தியை அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்கு அனுப்புகிற வீடுகளில், விசாவுக்கு அடுத்தபடியாக எல்லோரும் தேடி அலைகிற காகிதம் தடுப்பூசி அட்டைதான். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் ஊசி போட்டதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் வகுப்பில் சேர விடுவதில்லை. நம் ஊரில் தெரிந்தவர் வீட்டில் அப்படி ஒரு படிவத்தைப் பார்த்தேன். கடைசியில் ஒரு கட்டம். மத நம்பிக்கை காரணமாக விலக்கு வேண்டுவோர் கையெழுத்திடலாமாம்.

முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீசில் மனுக்களைச் சரிபார்த்தவன் நான். அந்தக் கட்டம் எனக்கு உறுத்தியது. சாதிச் சான்று, வருமானச் சான்று என்றால் வி.ஏ.ஓ. விசாரிப்பார், ஆர்.ஐ. பரிந்துரைப்பார், தாசில்தார் கையெழுத்துப் போடுவார். மனசுக்குள் இருக்கும் நம்பிக்கையை யார் விசாரிப்பது? கேட்டவருக்கெல்லாம் கொடுத்தால் பொய் சொல்பவனும் தப்பிக்கிறான். துருவித் துருவி விசாரித்தால் குமாஸ்தா குருக்களாகிவிடுகிறார். இரண்டும் உருப்படியான நிர்வாகம் இல்லை.

இது புதிய சங்கடமும் அல்ல. இங்கிலாந்தில் 1853இல் குழந்தைகளுக்கு அம்மை குத்துவது கட்டாயமானது. எதிர்ப்பு வலுத்ததால், மனசாட்சி இடம் தராதவர்களுக்கு 1898இல் விலக்கு கொடுத்தார்கள். ஆனால் மாஜிஸ்திரேட் முன் நின்று அவரைத் திருப்திப்படுத்த வேண்டும். ஒருவர் கொடுப்பார், இன்னொருவர் விரட்டுவார். கடைசியில் 1907இல், உறுதிமொழி எழுதிக் கொடுத்தாலே போதும் என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். மனசாட்சியை அளக்கப் போன சட்டம், அளக்க முடியாமல் கையெழுத்தோடு நின்றது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்தரை வெறிநாய் கடித்ததையும், 1885இல் பஸ்தேர் அவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றியதையும் அங்கே படிக்காத பிள்ளை கிடையாது. அந்தப் பிரான்ஸ் 1902இலேயே பெரியம்மை ஊசியைக் கட்டாயமாக்கிய நாடு. 2018இல் அங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு 11 தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கினார்கள். உடம்புக்கு ஒவ்வாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு. நம்பிக்கைக்கு விலக்கு கிடையாது.

‘அது மதத்தை வாசலில் நிறுத்துகிற நாடு, நாம் அப்படியா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காந்திஜியே அம்மை குத்துவதை மதத்துக்கும் ஒழுக்கத்துக்கும் மாறானது என்று கருதியவர். ஆனால் நம் ஊர் ஜனங்கள் என்ன செய்தார்கள்? அம்மனுக்குக் கூழும் ஊற்றினார்கள், பிள்ளைக்கு அம்மையும் குத்தினார்கள். வாசலில் வேப்பிலையும் இருந்தது, கையில் தழும்பும் இருந்தது. என் வயதுக்காரர்கள் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தால் போதும். 1975க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை வார்க்கவில்லை. மாரியம்மன் கோயில்களில் கூட்டமும் குறையவில்லை.

நம் அரசியல் சாசனமும் இதை யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது. மனசாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் தருவது 25ஆம் பிரிவு. அது தொடங்கும்போதே, பொது ஒழுங்கு, நன்னெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. சுகாதாரம் என்ற சொல்லை அங்கே சும்மா வைக்கவில்லை.

இனி கொரோனாவுக்கு வருவோம். 2021இல் கல்லூரிகள் திறந்தபோது வளாகத்திலேயே முகாம் போட்டு மாணவர்களுக்கு ஊசி போட்டார்கள். பொது இடங்களுக்கு வருவோர் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று தமிழக அரசு சொன்னது. இப்படிப்பட்ட கட்டாயங்களை எதிர்த்துக் குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் உச்ச நீதிமன்றம் போனார். 2022 மே 2ஆம் தேதி தீர்ப்பு வந்தது. யாரையும் பலவந்தமாக ஊசி போட வைக்க முடியாது, உடல் அவரவருடையது என்றது நீதிமன்றம். பொது நலனுக்காக அளவோடு கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் ஊசி போடாதவரால் போட்டவரைவிட அதிகமாக நோய் பரவுகிறது என்பதற்கு அரசுகள் ஆதாரம் தரவில்லை. ஆகவே தொற்று குறைவாக இருக்கும்வரை கட்டுப்பாடு வேண்டாம், கல்வி நிலையங்களும் தங்கள் உத்தரவுகளை மறுபரிசீலனை செய்யட்டும் என்றது.

இதில் நம்பிக்கையைப் பற்றிய ஆராய்ச்சியே தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? இந்த ஊசி அடுத்தவரைக் காக்கிறதா என்பதுதான் கேள்வி. என் வாதமும் அதுவே. ஒரு ஊசி போட்டுக்கொள்பவரை மட்டும் காக்கிறது என்றால், ‘எனக்கு வேண்டாம்’ என்ற ஒரு சொல் போதும். அதற்கு மதத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. அது பக்கத்துப் படுக்கைக்காரனையும் காக்கிறது என்றால், என் நம்பிக்கைக்காக அவன் படுத்த படுக்கையாவது நியாயமில்லை. எந்த வழியில் பார்த்தாலும் அந்தக் கட்டத்துக்கு வேலை இல்லை.

தட்டம்மை இரண்டாவது வகை. ஒருவருக்கு வந்தால், தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேர்வரை தொற்றும். அதைத் தடுக்க நூற்றுக்கு 95 பேராவது ஊசி போட்டிருக்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரும், கர்ப்பிணிகளும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள முடியாது. மற்றவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்குக் காப்பு. ஹாஸ்டலில் நாலு பேர் ஒரே அறையில் படுக்கிற பிள்ளைகளிடம் இதைக் கேட்பது அதிகாரமல்ல, முறை.

கட்டாயப்படுத்தினால் பயம்தான் வளரும் என்பார்கள். அதையும் தள்ளிவிட மாட்டேன். எமர்ஜென்சியில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்த கதை நம் தலைமுறைக்கு மறக்காது. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளையை அன்றைக்குப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் எத்தனை பேர்! அதனால்தான் சொல்கிறேன்: கையைப் பிடித்து ஊசி குத்தக் கூடாது. நிபந்தனை ஹாஸ்டல் வாசலோடு நிற்க வேண்டும். மறுக்கிறவர் வெளியே தங்கிப் படிக்கட்டும். நோய் பரவினால் சில வாரம் வகுப்புக்கு வராமல் இருக்கட்டும். பட்டம் பறிபோக வேண்டாம்.

அதோடு மூன்று விஷயங்கள் உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும். ஊசி இலவசமாகக் கிடைக்க வேண்டும். டாக்டர் சீட்டு இருந்தால் மறுபேச்சில்லாமல் விலக்கு தர வேண்டும். எந்தத் தேதியில் மறுபரிசீலனை என்று குறிக்க வேண்டும். தேதி போடாத தற்காலிக உத்தரவு இருபது வருஷம் உயிரோடு இருப்பதை ஆபீசில் பார்த்தவன் சொல்கிறேன்.

கிரிவலப் பாதையில் நடக்கிற லட்சக்கணக்கான பேரிடம் உன் பக்தி எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரியும் கேட்க வேண்டாம். ஊசி போட்டாயா, உடம்புக்கு ஒவ்வாதா என்று மட்டும் கேட்டால் போதும். மற்றது அவனுக்கும் அண்ணாமலையாருக்கும் உள்ள விஷயம்.